பிக்கப் இல்லாத டீசல் கார்: வாங்குமுன் டர்போவைச் சோதித்த அனுபவம்

பழைய டீசல் கார் பார்க்கப் போகிறவர்கள் இன்ஜின் ஆறியிருக்கும்போதே போய்விட வேண்டும். சேலத்தில் நான் பார்த்த கார் 1.3 லிட்டர் டீசல், 90 குதிரைத்திறன், வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ உள்ள வகை. டர்போ என்பது புகைப் போக்கின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி, இந்த வகையில் அதன் உள்ளே அசையும் தகடுகளும் உண்டு. “அண்ணா, நான் வந்து ஸ்டார்ட் பண்ணிக்கிறேன், அதுவரைக்கும் வண்டியை எடுக்காதீங்க” என்று ஓனரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். ஸ்டார்ட் செய்தபோது நீலப் புகை வரவில்லை. டர்போ சீல் வழியாக ஆயில் கசிந்தால் பெரும்பாலும் அது அப்போதே தெரிந்துவிடும்.

கோரிமேடு தாண்டி ஏற்காடு அடிவாரம் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். இந்த மாதிரிச் சின்ன டீசல் இன்ஜின்கள் 1,700 ஆர்பிஎம்முக்குக் கீழே கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், அது கோளாறு இல்லை. ஆனால் 2,000 தாண்டியதும் வண்டி சட்டென்று இழுக்க வேண்டும். இதில் அந்த இழுப்பே இல்லை. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தாலும் வேகம் மெதுவாகவே ஏறியது. பின்னால் கரும்புகை, பானெட் பக்கம் புஸ்ஸென்ற சத்தம். “பழைய டீசல் வண்டின்னா அப்படித்தான் தம்பி” என்றார் ஓனர்.

ஓபிடி சாக்கெட்டில், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படிக்கும் சாக்கெட்டில், புளூடூத் ஸ்கேனரைச் செருகி, போனை நண்பனிடம் கொடுத்தேன். ஓட்டுகிறவர் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும். முதலில், இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேனிஃபோல்ட் அழுத்தத்தை, அதாவது இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைப் பார்த்தோம்: 98 கிலோபாஸ்கல். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் 98 சரியான கணக்கு, சென்சார் பொய் சொல்லவில்லை. இதைப் பார்க்காமல் பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்) குறைவு என்று முடிவுகட்டக் கூடாது, சென்சாரில் கரி படிந்திருந்தாலும் அளவு தப்பாகவே வரும்.

அப்புறம் அதே ஏற்றத்தில் 2,500 ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தபோது 140தான் வந்தது. நண்பனிடமும் இதே மாடல் இருக்கிறது. அந்த வண்டியை அதே இடத்தில், அதே கியரில் ஓட்டியபோது 210ஐத் தாண்டியது. இணையத்தில் கிடைக்கும் எண்களைவிட, நல்ல நிலையில் உள்ள இன்னொரு வண்டியோடு ஒப்பிடுவதைத்தான் நான் நம்புவேன்.

ஸ்கேனரில் எரர் கோடு (கோளாறைக் காட்டும் குறியீடு) எதுவும் இல்லை, டாஷ்போர்டில் லைட்டும் எரியவில்லை. ஆனால் கோடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஸ்கேனரில் ஒரு வரி உண்டு. அதில் 38 கிலோமீட்டர் காட்டியது. பேட்டரியைக் கழற்றினாலும் சில வண்டிகளில் அது பூஜ்ஜியமாகும். பேட்டரி மாற்றி ஒரு வருடம் ஆகிறது என்று ஓனரே சொல்லியிருந்தார். ஆக, யாரோ அண்மையில் கோடுகளை அழித்திருக்கிறார்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இந்த வரியைப் பாருங்கள், லைட் எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

ஓனர் சம்மதத்தோடு எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். டர்போ போய்விட்டது என்று அவர் உடனே சொல்லிவிடவில்லை, அவரிடம் எனக்குப் பிடித்தது அதுதான். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தது. அடுத்து ஆக்சுவேட்டர், டர்போ தகடுகளை அசைக்கும் பாகம். இந்த டர்போவில் வேக்கம் ஆக்சுவேட்டர் ஒரு ராடை இழுத்து உள்ளே இருக்கும் தகடுகளை மூடினால்தான் பூஸ்ட் ஏறும். வேக்கம் டியூப் வெடித்திருந்தாலோ, கரியில் தகடுகள் இறுகியிருந்தாலோ பூஸ்ட் குறையும். கைப் பம்பால் வேக்கம் கொடுத்தார், ராட் தடையில்லாமல் ஏறி அப்படியே நின்றது. அங்கே பழுதில்லை.

மிச்சம் காற்றுக் கசிவு. டர்போவின் வாய்ப்பக்கத்தை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, சைக்கிள் டியூபில் பஞ்சர் தேடுவதுபோல ஹோஸ்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் கீழ் ஹோஸின் வளைவில், அடிப்பக்கத்தில் நுரை பொங்கியது. மேலிருந்து பார்த்தால் தெரியாத வெடிப்பு. அழுத்தம் வரும்போதுதான் வாய் திறக்கும், அதனால்தான் ஐடிலில் எந்தக் குறையும் தெரியவில்லை. கரும்புகைக்கும் இதுவே காரணம். ஏர் ஃபில்டரை ஒட்டியுள்ள சென்சார் காற்றை அளந்துவிடுகிறது, அந்த அளவை வைத்து டீசல் பீய்ச்சப்படுகிறது, ஆனால் அளந்த காற்றில் ஒரு பங்கு வழியிலேயே வெளியேறிவிடுகிறது.

ஹோஸ் மாற்றினால் தீர்ந்துவிடும் என்று அங்கேயே நிறுத்தியிருந்தால் பாதி வேலைதான். கசிவை ஈடுகட்ட டர்போ வழக்கத்தைவிட வேகமாகச் சுழன்றிருக்கும், பல மாதம் அப்படி ஓடியிருந்தால் பேரிங் தேய்ந்திருக்கலாம். அதனால் இன்டேக் ஹோஸைக் கழற்றி ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். பக்கவாட்டில் லேசான அசைவு இருந்தது. ஆயில் படலத்தில் மிதக்கும் ஷாஃப்டுக்கு அது இயல்பு. முன்னும் பின்னுமான அசைவு கைக்குத் தெரியவில்லை, பிளேடுகள் சுவரில் உரசிய தடமும் இல்லை. முன்பின் ஆட்டம் இருந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்தக் காரை வேண்டாம் என்றிருப்பேன்.

ஓனரிடம் அளவுகளைக் காட்டிப் பேசினேன். புது ஹோஸும் கிளாம்பும் அவர் செலவு, கூலி என் செலவு என்று முடிவானது. மாற்றியபின் அதே ஏற்றத்தில் 208 வந்தது, புகையும் நின்றது. அட்வான்ஸ் மட்டும் கொடுத்தேன். இன்னும் 200 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, குறைந்த பூஸ்ட்டுக்கான பி0299 கோடு வரவில்லை என்று உறுதியான பிறகு, மீதிப் பணத்தைக் கொடுத்து உரிமை மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30இல் கையெழுத்து வாங்கினேன்.