வண்டி எங்கே நிற்கும்?

சின்ன ஊர்களுக்குச் சாலை, போக்குவரத்துத் திட்டம் போடுவதுதான் என் வேலை என்று சொன்னால் டீக்கடையிலிருந்து கவுன்சிலர் வீடு வரை இரண்டே கேள்விகள்தான் வரும். ரோட்டை அகலப்படுத்தப் போறீங்களா? சிக்னல் வைக்கப் போறீங்களா? இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் கடலூரிலும் சுற்றியுள்ள நகராட்சிகளிலும் இத்தனை வருடம் வெயிலில் நின்று வண்டி எண்ணியதில் எனக்குப் பிடிபட்ட விஷயம் வேறு. நம் ஊர்களில் நெரிசல் வண்டி ஓடுவதால் வருவதைவிட, நிற்பதால் வருவதுதான் அதிகம். பஸ் எங்கே நிற்கிறது, ஷேர் ஆட்டோ எங்கே நிற்கிறது, மளிகை மண்டிக்கு மூட்டை இறக்கும் லாரி எங்கே நிற்கிறது, துணிக்கடைக்கு வந்தவர் பைக்கை எங்கே விடுகிறார் என்பதற்கெல்லாம் பதில் சொல்லாத திட்டம், எவ்வளவு அழகான வரைபடமாக இருந்தாலும் ஊருக்குள் எடுபடாது.

வேலை எப்படி ஆரம்பிக்கும் என்றால், முக்கியமான சந்திப்புகளில் ஆட்களை உட்கார வைத்தோ கேமரா கட்டியோ, போகிற வண்டிகளைக் கால் மணி நேரத்துக்கு ஒரு வரிசையாக வகை பிரித்து எண்ணுவோம். அப்புறம் எல்லாவற்றையும் கார் கணக்குக்கு, அதாவது ஒவ்வொரு வண்டியும் எத்தனை காருக்குச் சமம் என்று, மாற்ற வேண்டும். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) 1990ல் நகரச் சாலைகளுக்காக வெளியிட்ட ஐ.ஆர்.சி. 106 என்ற வழிகாட்டி இதற்கு உண்டு. அதில் கார் ஒன்று என்றால் பைக் 0.5 அல்லது 0.75, ஆட்டோ 1.2 அல்லது 2, பஸ்சும் லாரியும் 2.2 அல்லது 3.7. மொத்த வண்டிகளில் அந்த வகை எத்தனை சதவீதம் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதே வழிகாட்டியில் இன்னொரு அட்டவணை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். எதிரும் புதிருமாக வண்டி போகும் இரண்டு தடச் சாலை ஒன்று மணிக்கு எவ்வளவு தாங்கும்? முதன்மைச் சாலையாக இருந்தால் 1500 கார் அளவு, துணை முதன்மைச் சாலை என்றால் 1200, உள்ளூர்ச் சாலைகளைச் சேர்க்கும் சாலை என்றால் 900. மூன்றுக்கும் தடம் இரண்டுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம் என்று அட்டவணைக்குக் கீழே பார்த்தால் தெரியும். 1500 என்பது, பக்கத்தில் கடை வாசலோ வீட்டு வாசலோ நேராகத் திறக்காத, நிற்கும் வண்டியே இல்லாத, குறுக்கே வருபவர்கள் மிகக் குறைவான சாலைக்கு. 900 என்பது, வாசல்கள் திறந்து கிடக்கிற, ஓரமாக வண்டி நிறுத்தியிருக்கிற, குறுக்குப் போக்குவரத்து அதிகமுள்ள சாலைக்கு. அதாவது ஒரே ஒரு செங்கல்லைக்கூட இடிக்காமல் மணிக்கு 600 கார் அளவு காணாமல் போகிறது. நம் கடைத்தெரு எதுவாக இருந்தாலும் பெயர்ப் பலகையில் முதன்மைச் சாலை என்று இருக்கும், உண்மையில் அது 900ஐத் தாண்டாது. ரோட்டை அகலப்படுத்தி அந்த அகலத்திலும் வண்டி நின்றால், நிலம் எடுத்த காசும் கடை இழந்தவர்களின் கண்ணீரும்தான் மிச்சம்.

இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், எண்ணும் முறையிலேயே நிற்பதற்கு இடமில்லை. கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு ஷேர் ஆட்டோ, நாங்கள் எண்ணும் இடத்தைக் கடந்து நேராகப் போனாலும் தாளில் ஒரு கோடு போடுகிறோம், அந்த இடத்தைத் தாண்டியதும் பிரேக் போட்டு, "ஓ.டி., ஓ.டி." (ஓல்டு டவுன், அதாவது முதுநகர்) என்று கூவிக்கொண்டு, பின்னால் வரும் பஸ்சை மறித்து, ஆள் நிறையும் வரை நின்றாலும் அதே ஒரு கோடுதான். ஆகவே நான் எப்போதும் நிற்கும் வண்டிகளுக்கும் தனிக் கணக்கு எடுக்கச் சொல்வேன். கடைத்தெருவை நடந்தபடியே குறிப்பிட்ட இடைவெளியில் நிற்கும் வண்டிகளின் நம்பரை எழுத வேண்டும், அதே நம்பர் அடுத்த சுற்றிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுப்பான வேலை, புதிதாக வந்த பையன்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அதில் கிடைப்பது வேறு எதிலும் கிடைக்காது. நாங்கள் எடுத்த கடைத்தெருக்களில் எல்லாம் காலை முதல் ராத்திரி வரை ஒரே இடத்தில் அசையாமல் இருந்த பைக்குகள் பெரும்பாலும் கடை முதலாளிகளுடையதும் கடையில் வேலை செய்பவர்களுடையதும். சாமான் வாங்க வந்தவர் கால் மணி நேரத்தில் போய்விடுகிறார், அவருக்குத்தான் இடம் கிடைப்பதில்லை, அவர்தான் நடுரோட்டில் ஸ்டாண்ட் போடுகிறார், அவருக்குத்தான் போலீஸ் அபராதம்.

லாரன்ஸ் ரோடு ரயில்வே கேட்டில் காத்திருந்த அனுபவம் உள்ள கடலூர்க்காரர்களுக்கு நிற்பது என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2010ல் விழுப்புரம் மயிலாடுதுறை பாதை அகலப்பாதையாகி மறுபடி ரயில் ஓட ஆரம்பித்த பிறகு, சுரங்கப்பாதை வரும் முன் இருந்த காலத்தைச் சொல்கிறேன். கேட் மூடியதும் வண்டிகள் ஒழுங்காக இடது பக்கம் வரிசையில் நிற்கும், பின்னால் வருபவர் வலது பக்கம் காலியாக இருப்பதைப் பார்த்து முன்னால் போய்க் கம்பியை ஒட்டி நிற்பார், அவர் பின்னால் இன்னொருவர், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் இதே கதை. ரயில் போய்க் கேட் தூக்கினால் இரண்டு கூட்டமும் முகத்துக்கு முகம். ரயில் கடந்த நேரத்தைவிடச் சிக்கல் பிரிய ஆன நேரம் அதிகம்.

சரி, ஒரு ஊரைப் பற்றிச் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் ஒரு நகராட்சி. மாநில நெடுஞ்சாலையே கடைத்தெருவாகவும் இருக்கிற ஊர், கடலூர் மாவட்டத்தில் பாதி ஊர்கள் அப்படித்தான். மார்க்கெட் முனையில் ஷேர் ஆட்டோக்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று ஆரம்பத்திலேயே ஒரு கோரிக்கை. ஒழுங்கு என்றால், அங்கே நிற்கக் கூடாது என்று பலகை வைப்பது. பலகை ஏற்கெனவே இரண்டு இருந்தது, அதன் அடியிலேயே ஆட்டோ நின்றது. நான் ஒரு டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் வண்டியை அணைக்காமலே சொன்னார்: "சார், எங்க நிக்கணும்னு சொல்லுங்க, அங்க நிக்கறோம். நிக்காதேன்னா நாங்க எங்க போவோம்? அந்தம்மா மார்க்கெட் வாசல்லதான இறங்குவாங்க?" அவர் காட்டிய அம்மா, மீன் கூடையைத் தலைக்கு ஏற்றிவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஈரச் சாக்கு மேல் அலுமினியக் கூடை, ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. நானும் ஆட்டோக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டோம். "நூறடி தள்ளி இறக்கிவிட்டா நடப்பீங்களாம்மா?" என்று கேட்டேன். "தரை நல்லா இருந்தா நடப்பேன் தம்பி, இதுல எப்படி நடக்கறது?" என்று சாக்கடை மேல் உடைந்து கிடந்த கல்பலகையைக் காலால் காட்டினார்.

இந்த ஒரு பேச்சில் எனக்கு மூன்று வேலைகள் கிடைத்தன. ஆட்டோவுக்கு ஒரு நிறுத்தம், அங்கிருந்து மார்க்கெட் வரை சமதளமான நடைபாதை, சாக்கடைக்கு உடையாத மூடி. மூன்றும் சேர்ந்து வந்தால்தான் பலனுண்டு. நிறுத்தத்தை மட்டும் தள்ளி வைத்து நடைபாதையை அடுத்த வருடத்துக்கு விட்டால் மறுநாளே ஆட்டோ பழைய இடத்துக்கு வந்துவிடும், அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை.

நடைபாதை விஷயத்தில் எனக்கு ஆதங்கம் அதிகம். ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி, நடைபாதைக் கல்லின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் ஊர்களில் முட்டி உயரத்துக்குக் கட்டி வைத்துவிட்டு, ஜனங்கள் ரோட்டில் நடக்கிறார்கள் என்று குறைப்படுகிறோம். இன்னொரு பக்கம், பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, ரோடு ஏறிக் கடைகள் பள்ளத்துக்குப் போய்விட்ட தெருக்கள். சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். 2011 டிசம்பர் 30ல் தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த மாவட்டத்தில் சாலை மட்டம் என்பது அழகுக்காகச் சொல்கிற விஷயம் இல்லை. மழை பெய்தால் ஓரத்தில் தண்ணீர், நடப்பவர் நடு ரோட்டுக்கு வருவார், அவரை ஒதுக்கிப் பைக் வளையும், பைக்கை ஒதுக்கி பஸ் நிற்கும். இந்தியச் சாலைகளில் 2022ல் இறந்த 1,68,491 பேரில் இருசக்கர வாகனத்தில் போனவர்களும் நடந்து போனவர்களும் மட்டும் 60 சதவீதத்துக்கு மேல், மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கையிலேயே இருக்கிறது. திட்டம் யாருக்காகப் போட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு வருகிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல காரியம். கூடவே, கூடையும் பையும் குழந்தையுமாக ஏறி இறங்குகிறவர்களும் அதிகம், பஸ் நிற்கும் நேரமும் கூடும். ஒரு பஸ் 12 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். ஏழு மீட்டர் ரோட்டில் அது நின்றால் ஒரு தடம் அடைபடும். சந்திப்புக்கு முன்னால் நின்றால் பின்னால் வரும் எல்லா வண்டியும் சந்திப்புக்குள் சிக்கும், சந்திப்பைத் தாண்டி நின்றால் அவ்வளவு மோசமில்லை. டிரைவர் ஓரங்கட்டுவதில்லை என்று எல்லோரும் திட்டுகிறார்கள், ஓரத்தில் பைக் வரிசையாக நிற்கும்போது அவர் எங்கே ஓரங்கட்டுவார்?

எந்த நாளில் எண்ணுவது என்பதும் ஒரு தனி விஷயம். திருவிழா, பொருட்காட்சி மாதிரி அசாதாரண நாட்களைத் தவிர்க்கச் சொல்கிறது ஐ.ஆர்.சி.யின் கணக்கெடுப்பு விதி. நெடுஞ்சாலைக்கு அது சரி. கடலூர்க்காரர்களுக்குத் தெரியும், முகூர்த்த நாளில் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலில் ஒரே நாளில் எத்தனை கல்யாணம் என்று. வேன், கார், அலங்கார வண்டி எல்லாம் மலைக்குக் கீழே ரோட்டோரம் ஏறி நிற்கும், பாலூர் போகிற பஸ் அசையாது. ஆவணியிலும் தையிலும் வைகாசியிலும் இப்படி அடுத்தடுத்து வரும் நாட்களை அசாதாரணம் என்று எப்படி ஒதுக்குவது? அந்த ரோட்டில் இருக்கிறவருக்கு அதுதான் சாதாரணம். அதேபோல் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா, தேவனாம்பட்டினத்தில் மாசி மகம். நான் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றையும் முகூர்த்த நாள் ஒன்றையும் சேர்த்தே எடுக்கிறேன். முகூர்த்த நாளுக்காக ரோடு அகலப்படுத்த வேண்டாம், நிறுத்த ஒரு திடல் பார்த்து, அங்கிருந்து நடக்கப் பாதை போட்டால் போதும்.

வேகத்தடை பற்றி ஒரு வார்த்தை. ஊர் கூடிக் கேட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஒன்று முளைக்கும். விதிப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, மெதுவாக ஏறி இறங்குகிற வளைவு. நம் ஊரில் முளைப்பது ஆம்புலன்சில் இருக்கிற நோயாளியின் இடுப்பை உடைக்கிற மேடு.

மேலே சொன்ன நகராட்சியில் கடைசியில் என்ன நடந்தது என்றால், சிக்னல் கேட்டவர்களிடம் அந்த 1500, 900 அட்டவணையைத் தமிழில் எழுதி வைத்துப் பேசினேன். வியாபாரிகள் சங்கத்தோடு உட்கார்ந்து, கடைக்காரர்களின் பைக்குகள் பழைய சந்தைத் திடலுக்குப் போவது என்றும், கடை வாசல் வாடிக்கையாளருக்கு என்றும் முடிவானது. ஆரம்பத்தில் கோபமாக இருந்தவர்கள்கூட, சொந்த பைக்கே வாடிக்கையாளரை விரட்டுகிறது என்பதை நம்பர்ப் பட்டியலில் பார்த்ததும் இறங்கி வந்தார்கள். தள்ளுவண்டிக்காரர்களை எங்காவது அனுப்பிவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். 2014ஆம் வருடச் சாலையோர வியாபாரிகள் சட்டம் வியாபாரக் குழு அமைக்கச் சொல்கிறது, அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களை உட்கார வைத்துக் கேட்டபோது அவர்களே பஸ் நிறுத்தத்தின் பின்பக்கம் கேட்டார்கள், இறங்குகிறவர் அங்கேதானே பழம் வாங்குவார்.

லாரி விஷயம் பாதிதான் தேறியது. காலை எட்டு மணிக்கு முன்னால் மூட்டை இறக்க அரிசி மண்டிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள், தூரத்திலிருந்து வரும் வெங்காய லாரி வரும்போதுதான் வரும், அதற்கு ஊருக்கு வெளியே காத்திருக்க ஓர் இடம் இன்னும் பார்க்க வேண்டும். ஆட்டோ நிறுத்தம் நன்றாக ஓடுகிறது, சாக்கடை மூடியும் நடைபாதையும் கூடவே வந்ததால். பஸ் நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி மாற்றினோம், ஆனால் ஜனங்கள் பழைய இடத்திலேயே நின்றார்கள், கண்டக்டரும் அங்கேயே விசில் அடித்தார். போய்ப் பார்த்தால் பழைய இடத்தில் ஒரு புங்க மரம், புது இடத்தில் மொட்டை வெயில். இப்போது அங்கே நிழற்குடைக்கு மதிப்பீடு அனுப்பியிருக்கிறோம். முகப்புப் பலகைக்கு ஒதுக்கிய பணத்தைக் குறைத்து, கூரையை ஒரு பஸ் நீளத்துக்கு இழுக்கச் சொல்லியிருக்கிறேன். கூடை இறக்கி வைக்க இடுப்பு உயரத்தில் ஒரு சிமெண்ட் மேடையும் அதே மதிப்பீட்டில் இருக்கிறது.