லார்டு ஐஜிஎம்முக்கு நிறுவி எழுதுதல்: பட்டறை நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025

லார்டு, முழுப் பெயர் ‘லெஜண்ட் ஆஃப் த ரெட் டிராகன்’. 1989இல் சேத் ஏபிள் ராபின்சன் எழுதிய பிபிஎஸ் (தொலைபேசி வழி நுழையும் கணினிப் பலகை) விளையாட்டு. மோடத்தில் கூப்பிட்டு ஆடியது, இப்போது டெல்நெட் என்ற இணைய வழியில் ஆடுகிறார்கள். அதற்கு வெளியாட்கள் எழுதும் கூடுதல் பகுதிக்கு ஐஜிஎம் (இன்-கேம் மாட்யூல்) என்று பேர். ஊர் மெனுவில் ‘அதர் பிளேசஸ்’ போனால் வரிசையாக நிற்பவை இவைதான்.

அந்த வரிசை 3ஆர்டிபார்ட்டி.டேட் என்ற சாதாரண உரைக்கோப்பிலிருந்து வருகிறது. ஒரு ஐஜிஎம்முக்கு இரண்டு வரி, அவ்வளவுதான். நம் ‘டவர்’ ஐஜிஎம்முக்கு:

சி:\லார்டு\டவர்\டவர்.பேட் *
`%த ஓல்ட் டவர்

முதல் வரி எதை ஓட்டுவது என்பது; இரண்டாவது, ஆடுபவர் கண்ணில் படும் பெயர். அரைப்புள்ளியில் தொடங்கும் வரி வெறும் குறிப்பு. பெயருக்கு முன்னால் உள்ள சாய்ந்த ஒற்றைக்குறியும் சதவீதமும் நிறம்: `% வெள்ளை, `$ மஞ்சள், `2 அடர்பச்சை, `0 வெளிர்பச்சை, `@ வெளிர்சிவப்பு.

நட்சத்திரம் இருக்கும் இடத்தில் லார்டு நோட் எண்ணைப் போடும் (நோட் என்பது ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொருவரின் இணைப்பு). அந்த எண்ணை வைத்துத்தான் ஐஜிஎம் இன்ஃபோ.1, இன்ஃபோ.2 என்று தனக்குரிய கோப்பைத் திறந்து, ஆடுவது யார், எத்தனை நிமிடம் பாக்கி என்று தெரிந்துகொள்கிறது. எண் வராவிட்டால் 1 என்று தானே வைத்துக்கொள்ளும் நிரலில் ஒரே நோட்டில் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே ஓடும். இரண்டாவது ஆள் உள்ளே வரும் நாளில்தான் ஒருவர் கணக்கில் இன்னொருவர் நிற்பார்.

ஜனவரி 8

எக்ஸ்இ-யை (ஐஜிஎம் நிரலை) நேராகக் குறிக்காமல் நடுவில் ஒரு பேட்ச் கோப்பு (டாஸ் இயங்குதளம் வரிசையாக ஓட்டும் கட்டளைகள்) வைப்பது ஏன்? பல ஐஜிஎம்கள் தங்கள் தரவுக்கோப்பைப் பாதை இல்லாமல் வெறும் பெயரால் திறக்கின்றன. நாம் நிற்கும் டைரக்டரி வேறாக இருந்தால் கோப்பு கிடைக்காது. டவர்.பேட் இப்படி (%1 என்பது பேட்ச்சுக்குத் தரப்படும் முதல் சொல், இங்கே நோட் எண்):

@எக்கோ ஆஃப்
சி:
சிடி \லார்டு\டவர்
டவர்.எக்ஸ்இ %1
சிடி \லார்டு

கடைசி வரியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். டாஸில் நடப்பு டைரக்டரி நிரலுக்கு நிரல் தனியாக இல்லை. ஒரு டிரைவுக்கு ஒன்று, எல்லா நிரலுக்கும் அதுவே. பேட்ச் திரும்பி வராவிட்டால் லார்டு தன் கோப்புகளை டவர் டைரக்டரிக்குள் தேடிக்கொண்டிருக்கும். ஐஜிஎம் ஒழுங்காக ஓடி முடிந்து, வெளியே வந்ததும் விளையாட்டு சாய்ந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஜனவரி 11

இன்ஸ்டால்.பேட்: அந்த இரண்டு வரியைத் தானே சேர்க்கும் நிறுவி இதுதான். லார்டு இருக்கும் பாதையை சிஸாப் (பிபிஎஸ் நடத்துபவர்) %1 ஆகத் தருவார். அங்கே 3ஆர்டிபார்ட்டி.டேட் இல்லையென்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். இல்லாத கோப்பில் இரட்டை >> (கோப்பின் முடிவில் சேர்க்கும் குறி) போட்டால் டாஸ் முணுமுணுக்காமல் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடும். தவறான டைரக்டரியில் நிறுவியதே தெரியாது. இருந்தால் முதலில் .பிஏகே என்ற காப்பு நகல்.

பிறகு, ஏற்கெனவே நிறுவியாயிற்றா என்று ஃபைண்ட் /ஐ "டவர்.பேட்" கொண்டு தேடல். கிடைத்தால் எர்ரர்லெவல் (கட்டளை முடியும்போது தரும் எண்) 0, கிடைக்காவிட்டால் 1. ஃபைண்ட் இந்த எண்ணைத் தருவது டாஸ் 6இலிருந்துதான் என்பதை விளக்கக்கோப்பில் எழுதிவிடுவது நல்லது.

இப்போது அந்த இரண்டு வரியையும் கோப்பின் முடிவில் எழுத இரண்டு எக்கோ கட்டளை. பெயர் வரியில்தான் வழுக்கும். பேட்ச் கோப்புக்குள் ஒற்றைச் சதவீதக்குறி மாறியின் தொடக்கம்; `% என்று எழுதினால் குறி விழுங்கப்பட்டு நிறம் போய்விடும், சில சமயம் பெயரில் பாதியும் போகும். `%% என்று இரட்டிக்க வேண்டும். விண்டோஸ் என்டி வகையில் ஓட்டினால் இன்னொன்று: பெயர் 2 என்று முடிந்து ஒட்டினாற்போல் >> வந்தால், அந்த 2 பிழை வெளியீட்டின் எண்ணாகிவிடும். நடுவில் ஓர் இடைவெளி விட்டால் போதும். அந்த இடைவெளியும் கோப்பில் எழுதப்படும். பெயர் வரியில் அது உறுத்தாது.

ஜனவரி 12

நேற்றைய நிறுவி ஒரு கோப்பில் வேலை செய்தது, மற்றொன்றில் இல்லை. இரண்டு கோப்புக்கும் வித்தியாசம் வாலில். அங்கே இரண்டு கோளாறு வரலாம்.

ஒன்று, கடைசி வரிக்குப் பின் என்டர் இல்லாதது. நாம் சேர்க்கும் பாதை பழைய பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஜோடிக் கணக்கு ஒன்று தள்ளும். நம் பெயரை லார்டு நிரல் என்று எண்ணி ஓட்டப் பார்க்கும்.

மற்றது, கன்ட்ரோல்-இசட். பழைய எடிட்டர்கள் சில கோப்பின் முடிவில் எண் 26 உள்ள அந்த எழுத்தை வைக்கும். டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழி உரைக்கோப்பைப் படிக்கும்போது அதுவே முடிவு. லார்டு எழுதப்பட்டது டர்போ பாஸ்கலில். ஆகவே அதற்குப் பின்னால் சேர்த்த இரண்டு வரியும் கோப்பில் இருக்கும், மெனுவில் வராது. பைட் அளவு கூடியிருக்கிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டுக்கும் ஒரே மருந்து, சேர்ப்பதற்கு முன்:

டைப் 3ஆர்டிபார்ட்டி.டேட் | ஃபைண்ட் /வி "" > 3ஆர்டிபார்ட்டி.நியூ

டைப் கன்ட்ரோல்-இசட்டில் நின்றுவிடும். ஃபைண்ட் ஒவ்வொரு வரிக்கும் என்டர் போட்டுத் தரும். .நியூவில் இரண்டு வரியைச் சேர்த்து, பழையதன் மேல் நகலெடுத்தால் முடிந்தது.

ஜனவரி 15

நிறுவியபின் வரும் ரன்டைம் (நிரல் ஓடும்போது வரும்) பிழை எண்கள். 2 என்றால் கோப்பு இல்லை, 3 என்றால் பாதை இல்லை: பேட்ச்சிலுள்ள சிடி வரியைப் பார்க்கவும். 5 என்றால் அனுமதி இல்லை. இரண்டு நோட் ஒரே தரவுக்கோப்பைத் திறக்கும்போது இது வரும். ஐஜிஎம் எழுதுபவர் ஃபைல்மோடை (கோப்பைத் திறக்கும் முறையைச் சொல்லும் மாறி) பகிர்ந்து திறக்கும்படி 66 ஆக வைத்திருக்க வேண்டும், நிறுவியால் தீராது. 200 வேறு சாதி. டர்போ பாஸ்கலின் திரைப் பகுதியான சிஆர்டி யூனிட் தொடக்கத்தில் தாமதத்தை அளக்க ஒரு சுற்றை எண்ணி 55ஆல் வகுக்கிறது; வேகமான செயலியில் விடை 16 பிட்டில் அடங்காமல் பிழையாகிறது. எக்ஸ்இ-க்கே ஒட்டுத் திருத்தம் (patch) போட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

ஜனவரி 19

பொதி கட்டுதல். ஃபைல்_ஐடி.டிஐஇசட் (பொதியைப் பற்றிய சிறு அறிமுகக் கோப்பு) வரிக்கு 45 எழுத்து, 10 வரி. எல்லாக் கோப்புப் பெயரும் 8.3 (பெயருக்கு 8 எழுத்து, புள்ளிக்குப் பின் 3).

நீக்கும் வசதி வைக்கவில்லை. ஃபைண்ட் /வி /ஐ "டவர்" என்றால் நம் இரண்டு வரியும் போகும், உண்மைதான். வேறொருவர் ஐஜிஎம்மின் பெயரில் ‘டவர்’ இருந்தால் அதன் ஒற்றை வரியும் சேர்ந்து போய், கீழேயுள்ள ஜோடி எல்லாம் குலையும். எந்த இரண்டு வரியை எடிட்டரில் அழிக்க வேண்டும் என்று விளக்கக்கோப்பில் அப்படியே அச்சிட்டாயிற்று.