காமன் பொட்டலிலிருந்து கோயில் மடம் வரை ஒரே வயர்

பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாசி மாதம், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும். கடைசி இரவு விடிய விடிய ஆட்டம். தப்பு, உறுமி, கூத்து மாஸ்டரின் பாட்டு, ரதி, மன்மதன், பின்பாட்டுக்காரர்கள் என்று மொத்தம் 16 சானல். இவ்வளவையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதே நேரம் கூத்து நடக்கும் திடலான பொட்டலில் உள்ள ஸ்பீக்கருக்கும் மிக்ஸ் போக வேண்டும். தப்புச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிக்ஸ் பண்ண முடியாது. அதனால் மிக்ஸிங் 60 மீட்டர் தள்ளிக் கோயில் மடத்தில்.

முந்தைய வருடம், பல மைக் வயர்களை ஒன்றாகக் கட்டிய மல்ட்டிகோர் கேபிள் வாடகைக்கு எடுத்தோம். பொட்டலில் ஜெனரேட்டர், மடத்தில் வீட்டுக் கரண்ட். இரண்டின் எர்த்தும் வேறு என்பதால் பதிவு முழுக்க ஒரே இரைச்சல். நெட்வேர்க் கேபிளில் அந்தத் தொல்லை இல்லை. ஈதர்நெட் போர்ட்டுக்குள் சின்ன ட்ரான்ஸ்ஃபோமர் இருப்பதால் இரண்டு பக்கமும் மின்சாரத் தொடர்பில்லாமல் பிரிந்தே இருக்கும். ஷீல்ட் என்ற உலோக உறை இல்லாத சாதாரண கேட் 6 நெட்வேர்க் கேபிளை எடுத்ததும் இதற்காகத்தான். ஷீல்ட் இருந்தால் அதுவே இரண்டு எர்த்தையும் இணைத்துவிடும்.

இரண்டு லெப்டொப், இரண்டிலும் லினக்ஸ். முதலில் வைஃபையில் முயன்றேன். 16 சானல், 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்றால் செக்கனுக்கு 18 மெகாபிட் சொச்சம்தான். வேகம் தாராளமாகக் காணும், ஆனால் பாக்கெட்டுகள் சீரான இடைவெளியில் வரவில்லை. ஒத்திகையில் தப்பு அடிக்கும் தாத்தா கையை நிறுத்திவிட்டு, "தம்பி, நான் அடிச்ச அடி எனக்கே பிந்தி வருதே" என்றார். அன்றோடு வைஃபையை விட்டேன்.

கேபிள் போட்டு, நெட்வேர்க்கில் ஒலி அனுப்பும் ஜேக்ட்ரிப் மென்பொருளை ஓடவிட்டதும் அருமையாக வந்தது. ஆனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை 'டிக்' என்று ஒரு சத்தம். கேபிளை மாற்றினேன், பிளக்கை மறுபடி அடித்தேன், பலனில்லை. அது வரும் இடைவெளியைக் கையில் மணிக்கூட்டோடு எழுதிவைத்த பிறகுதான் புரிந்தது. இரண்டு பக்கமும் தனித்தனி ஒலி அட்டை, ஒவ்வொன்றுக்கும் கடிகாரமாக ஓடும் சொந்தப் படிகம். அவற்றின் வேகத்தில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே செக்கனுக்கு எடுக்கும் 48,000 ஒலி அளவீடுகளில், அதாவது சாம்பிள்களில், ஒன்று பிசகும். வரும் ஒலியைத் தேக்கிவைக்கும் என் பஃபர் 128 சாம்பிள். அது நிரம்பவோ காலியாகவோ இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகும். கணக்கு அப்படியே பொருந்தியது. இதே பிசகு எட்டு மணி நேரக் கூத்துக்கு அரைச் செக்கனைத் தாண்டும். நெட்வேர்க் ஒலியில் பிடிக்க வேண்டியது வேகத்தை அல்ல, கடிகாரத்தை. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு மூன்று வாரம் மிஞ்சியிருக்கும்.

நெட்வேர்க் ஒலிக்கென்று 2013இல் வந்த ஏஇஎஸ்67 தரம் இதற்கு பிடிபி என்ற நேர ஒத்திசைவைப் பயன்படுத்துகிறது. அதைத் துல்லியமாகச் செய்ய நெட்வேர்க் அட்டையே பாக்கெட்டுக்கு நேர முத்திரை போட வேண்டும். என் பழைய லெப்டொப்பில் அந்த வசதி இல்லை. சரி என்று நெட்ஜேக் 2 என்ற இன்னொரு மென்பொருளுக்குப் போனேன். இதில் ஒலி அட்டை உள்ள பொட்டல் லெப்டொப்தான் தலைமை. மடத்து லெப்டொப் வரும் பாக்கெட்டின் தாளத்துக்கே ஓடும், அதற்கென்று தனிக் கடிகாரம் கிடையாது. 'டிக்' நின்றது. மடத்தில் ஹெட்ஃபோன் கேட்கத் தனியாக ஒரு ஒலி அட்டை தேவைப்பட்டது. அதை ஸீட்டா-ஜே2ஏ என்ற மென்பொருள் வழியாகச் சேர்த்தேன், வேக வித்தியாசத்தை அது தானே சரிக்கட்டிக்கொள்ளும்.

அப்புறம் எக்ஸ்ரன், அதாவது கணினி ஒலியை நேரத்துக்குள் கையாள முடியாமல் விட்டுவிடுவது. லினக்ஸில் உள்ள 'ஆடியோ' பயனர் குழுவுக்கு ரியல்டைம் முன்னுரிமையும், நினைவகத்தைப் பூட்டிவைக்கும் மெம்லொக் அனுமதியும் கொடுத்தேன். சிபியு வேகம் ஏறி இறங்காமல் பெர்ஃபோமன்ஸ் நிலையில் நிறுத்தினேன். ஈதர்நெட்டின் மின்சேமிப்பை ஈத்டூல் என்ற கட்டளை மூலம் அணைத்ததுதான் பெரிய மாற்றம் தந்தது. லிங்க் கொஞ்சம் ஓய்ந்தாலே அது தூங்கப் போய்விடும், எழும்பத் தாமதமாகும். லினக்ஸின் மையமான கர்னலுக்கு ரியல்டைம் வசதி 2024இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து மூல லினக்ஸிலேயே இருக்கிறது. ஆனால் அதை இயக்கித் தொகுத்த கர்னலாகப் பார்த்துப் போட வேண்டும்.

அவுட்புட்டை இன்புட்டோடு இணைத்து அளந்தேன். பொட்டலிலிருந்து மடம் போய்த் திரும்பி வர 14 மில்லி செக்கன். ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பீக்கரின் சத்தம் காதுக்கு வர ஆகும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இந்தத் தடவை தாத்தா ஒன்றும் சொல்லவில்லை, அடித்துக்கொண்டே போனார்.

கூத்து இரவில் பனி இறங்கியதால் பொட்டல் லெப்டொப்பை மரப்பெட்டிக்குள் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். நள்ளிரவுக்கு முன் மூன்று எக்ஸ்ரன், அதற்குப் பிறகு விடியும்வரை ஒன்றுமில்லை. மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும் பகுதியை மறுநாள் தோட்டக் குடியிருப்பான லயத்தில் போட்டுக் கேட்டோம். தப்பு ஓய்ந்த இடத்தில் ரதியாக ஆடியவர் மூச்சு வாங்குவது தனியாகக் கேட்டது.