விக்ராந்தின் 213 மீட்டர்

மீனாட்சி அம்மன் கோயில் வெளிமதில் ஒரு பக்கம் 254 மீட்டர், மறுபக்கம் 237. நம் கடற்படையின் பழைய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் முழு நீளமே சுமார் 213 மீட்டர்தான். சித்திரை வீதிக்குள் அடங்கிவிடும். நம்ம மதுரை விமான நிலைய ஓடுபாதை 2,285 மீட்டர். இந்தக் கணக்கு தெரியாமல், லெப்டினன்ட் கமாண்டர் சந்தோஷ் குமார் குப்தா 1971 பாகிஸ்தான் போரில் மகாவீர் சக்ரா என்ற வீரப் பதக்கம் வாங்கினார் என்று படித்தால் அது வெறும் பொது அறிவு வினா-விடை.

குப்தா, 300-வது ஸ்குவாட்ரனான ‘வெள்ளைப் புலிகள்’ படையின் தலைவர். டிசம்பர் 4 அன்று 8 சீ ஹாக் ஜெட் விமானங்கள் விக்ராந்திலிருந்து கிளம்பி, அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் காக்ஸ் பஜார் விமானத்தளத்தைத் தாக்கின. அடுத்து சிட்டகாங்.

சிக்கல் கப்பலின் வயிற்றில் இருந்தது. நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். மூன்றை வைத்து ஓட்டியதில் 24.5 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) போகவேண்டிய கப்பல் 16 நாட்டோடு நின்றது. வைகை மணலில் பட்டம் ஏற்றுகிற பையன் காற்றுக்கு எதிராக ஓடுவானே, விமானந்தாங்கிக் கப்பலும் அதையேதான் செய்யும். ஓட்டம் குறைந்தால் தளத்தின் மேல் வீசும் காற்றும் குறையும்.

கிளப்புவது இப்படி: விமானத்தின் அடிவயிற்றுக் கொக்கிகளில் இரும்புக் கம்பிவடத்தை மாட்டி, மறுமுனையைக் கேட்டபுல்ட்டில், அதாவது விமானத்தை நீராவியால் உந்தித் தள்ளும் கருவியில், கோப்பார்கள். வால் பக்கத்தில் ஒரு பிடிவளையம் விமானத்தை இழுத்து வைத்திருக்கும். எஞ்சின் முழு வேகத்துக்கு வந்ததும் விமானி தலையை இருக்கையோடு அழுத்திக்கொள்வார். கொடி இறங்கும், நீராவி தள்ளும், அளந்து செய்த வளையம் ஒடியும். காற்று போதாத நாளில் எடையைக் குறைத்தால்தான் பறக்கமுடியும்: குண்டைக் குறை, இல்லாவிட்டால் எரிபொருளைக் குறை.

இறங்குவது இன்னும் மோசம். தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியை விமானத்தின் வால் கொக்கி பிடித்துத்தான் நிற்கவேண்டும். காற்றே இல்லாத நாளில் 110 நாட்டில் வருகிற விமானம் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் 24.5-ல் ஓடினால் தளத்தைத் தொடும் வேகம் 85.5, 16-ல் ஓடினால் 94. வேகத்தின் வர்க்கம்தான் கணக்கு என்பதால், கம்பி தாங்கவேண்டிய ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சக்கரம் தளத்தைத் தொட்ட நொடியே விமானி எஞ்சினை முழுசாகத் திறக்கவேண்டும், குறைக்கக் கூடாது. வால் கொக்கி கம்பியைப் பிடிக்காமல் போனால் மறுபடி எழும்பியாக வேண்டுமே. சீ ஹாக்கின் நீன் எஞ்சினோ அந்தக் காலத்து ஜெட். திறந்தவுடன் வேகம் பிடிக்காது.

கொதிகலன் பழுதான கப்பலைப் போருக்குக் கொண்டுபோன கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும் அதே மகாவீர் சக்ரா கிடைத்தது. என் கணக்கில் அது விமானிகளின் பதக்கத்தோடு சேர்த்தே பேசவேண்டியது.

நம்ம பக்கத்துக்கும் இதில் பங்குண்டு. 1964-ல் கோவாவுக்குப் போகும்வரை கடற்படையின் ஜெட் தளம் கோயம்புத்தூர் சூலூரில்தான் இருந்தது. மாட்டுத்தாவணியில் ராமேஸ்வரம் பஸ் ஏறினால் ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி வரும். அங்கே இருக்கிற கடற்படை விமானதளத்துக்கு 2009-ல் வைத்த பெயர் பருந்து.