சொந்த லைப்ரரியை எந்த ஃபோல்டரில் வைப்பது?

"சார், உங்க சாஃப்ட்வேர் போட்டதிலேர்ந்து எங்க ரிப்போர்ட் ஓடலை."

எடைமேடைக்காக நாங்கள் எழுதிய மென்பொருளை ஒரு வாடிக்கையாளரின் டெபியன் (லினக்ஸ் வகை) கணினியில் நிறுவிவிட்டு வந்த மறுநாள் காலை இந்த போன் வந்தது. எங்கள் மென்பொருளில் ஒரு குறையும் இல்லை. படுத்திருந்தது அவர்களே எழுதி வைத்திருந்த ஒரு பைத்தான் நிரல். அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கொஞ்சம் கெத்தாகவே சொல்லிவிட்டு போனை வைத்தேன். மதியம் அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டின் கடைசி வரி: "அன்டிஃபைன்ட் சிம்பல்: எஸ்கியூலைட்3_எனேபிள்_லோட்_எக்ஸ்டென்ஷன்". சம்பந்தம் இருந்தது.

எஸ்கியூலைட் ஒரு தரவுத்தள லைப்ரரி, அதாவது பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுப்பு. நாங்கள் அதைச் சொந்தமாகக் கம்பைல் செய்து கூடவே கொடுக்கிறோம். எடைச் சீட்டுகள் இருக்கும் தரவுத்தளத்துக்குள் வெளியார் எக்ஸ்டென்ஷன் (கூடுதல் நிரல்துண்டு) எதையும் ஏற்றக் கூடாது என்று அந்த வசதியைக் கம்பைல் செய்யும்போதே நீக்கிவிடுவோம். அப்படிச் செய்தால் மேலே சொன்ன ஃபங்ஷன் லைப்ரரியிலேயே இருக்காது. டெபியனின் பைத்தானுக்கோ அது வேண்டும். இதில் என் பங்கு என்னவென்றால், அந்த லைப்ரரியின் எஸ்ஓ கோப்பை /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஃபோல்டரில் போட்டு, லைப்ரரிகளின் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கை ஓட்டிவிட்டு வந்தது. டெபியனின் தேடல் வரிசையில் இந்த ஃபோல்டர் சிஸ்டம் லைப்ரரிகளுக்கு முன்னால் நிற்கிறது. ஆக, அந்தக் கணினியில் எஸ்கியூலைட் கேட்ட எல்லோருக்கும் எங்களுடையதே கிடைத்தது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டை ஊருக்கே பரிமாறிவிட்டேன்.

கோப்பை அழித்து, எல்டிகான்ஃபிக்கை மறுபடி ஓட்டச் சொன்னேன். அவர்களுடைய ரிப்போர்ட் வந்தது. இனி எங்களுடையதை எங்கே வைப்பது?

முதலில் சோம்பேறி வழி. லைப்ரரியைத் தனி ஃபோல்டரில் வைத்து, நிரலைத் துவக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்டில் லைப்ரரியை எங்கே தேடுவது என்று சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத் என்ற மாறியில் அந்த ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தேன். என் கணினியில் ஓடியது. ஆனால் அந்த மாறி நிரலின் பிள்ளைகளுக்கும், அதாவது அது கூப்பிடும் மற்ற நிரல்களுக்கும், போய்ச் சேரும். எங்கள் நிரல் நாள் முடிவில் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்டைக் கூப்பிட்டு மொத்தக் கணக்கை அச்சடிக்கும். அந்தப் பைத்தானுக்கும் எங்கள் எஸ்கியூலைட் போய்விட, அதே பிழை வரி இப்போது எங்கள் வீட்டிலேயே. மாறியை அழித்துவிட்டுப் பைத்தானைக் கூப்பிட்டேன். அப்புறம் 80ஆம் போர்ட்டில் ஓட வேண்டும் என்பதற்காக நிரலுக்கு செட்கேப், அதாவது அதற்குத் தேவையான கூடுதல் அதிகாரம், கொடுத்தோம். அன்றோடு மாறி மொத்தமாகச் செத்தது. கூடுதல் அதிகாரத்தோடு ஓடும் நிரலில், லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் லோடர் அந்த மாறியைக் கண்டுகொள்ளவே செய்யாது. யார் வேண்டுமானாலும் தன் லைப்ரரியை உள்ளே நுழைத்துவிடக் கூடாதே. நியாயம்தான்.

சரி, லைப்ரரி எங்கே இருக்கிறது என்பதை நிரலுக்குள்ளேயே எழுதிவிடலாம் என்று ஆர்பாத்துக்கு வந்தேன். நிரல் இருக்கும் இடத்திலிருந்து தேடு என்று சொல்வதற்கு லோடரிடம் $ஒரிஜின் என்று ஒரு சொல் உண்டு. நிரலைக் கட்டும் மேக் என்ற கருவி படிக்கும் மேக்ஃபைலில், நிரலை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கருக்கு "$ஒரிஜின்/../லிப்/எடைமேடை" என்று எழுதினேன். ஓடவில்லை. ரீட்எல்ஃப் என்ற கருவியை வைத்து நிரலுக்குள்ளே பார்த்தால் "ரிஜின்/../லிப்/எடைமேடை" என்று இருக்கிறது. முதல் எழுத்தைக் காணோம்! மேக்குக்கு டாலரும் அடுத்த ஒற்றை எழுத்தும் சேர்ந்தால் ஒரு மாறி. ஆங்கிலத்தில் அந்த முதல் எழுத்து ஓ. அப்படி ஒரு மாறி இல்லை என்பதால் அதை வெறுமையாக்கி விழுங்கிவிட்டது.

டாலரை இரண்டாக்கினேன். ஓடியது. அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு வாடிக்கையாளர் எங்கள் டார் கோப்பை (எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டிய கோப்பு) /ஆப்ட்-இல் விரித்து, லைப்ரரி கிடைக்கவில்லை என்றார். மறுபடி ரீட்எல்ஃப். இப்போது அங்கே இருந்தது "/../லிப்/எடைமேடை". மேக் ஒரு டாலரை விட்டுக்கொடுத்தது, ஆனால் ஒற்றை மேற்கோள் போடாததால் அடுத்து வந்த ஷெல் அதைத் தன் மாறி என்று நினைத்துக் காலியாக்கிவிட்டது. அப்படியானால் இரண்டு வாரம் எப்படி ஓடியது? ரூட்தான் உச்சி ஃபோல்டர், அதற்கு மேலே ஒன்றும் இல்லை, அதனால் "/.." என்றாலும் ரூட்தான். மிச்சம் /லிப்/எடைமேடை. இப்போதைய டெபியனில் /லிப் என்பதே /யூஎஸ்ஆர்/லிப்-க்குப் போகும் சிம்லிங்க். நான் லைப்ரரியை வைத்திருந்ததும் அங்கேதான். தப்பான முகவரி எழுதிய கடிதம் சரியான வீட்டுக்குப் போயிருக்கிறது. இப்படித் தற்செயலாக ஓடுவதைவிட ஓடாமலே இருந்திருக்கலாம். ஒற்றை மேற்கோளுக்குள் '$$ஒரிஜின்/../லிப்/எடைமேடை' என்று எழுதியதும்தான் உண்மையாகவே சரியானது.

கதை முடிந்தது என்று நினைத்தபோது எந்த லைப்ரரி எங்கிருந்து ஏறுகிறது என்று சொல்லும் எல்டிடி காட்டிய ஒரு வரி உறுத்தியது. எங்கள் நிரல் எஸ்கியூலைட்டை நேரடியாகக் கேட்பதில்லை. தராசிலிருந்து எடை வாங்கும் எங்கள் இன்னொரு லைப்ரரி இருக்கிறது, அதுதான் கேட்கிறது. அந்த லைப்ரரி எங்கள் ஃபோல்டரிலிருந்து சரியாக ஏறியிருந்தது. அது கேட்ட எஸ்கியூலைட்டோ சிஸ்டத்தினுடையது! பிழை இல்லை, எச்சரிக்கை இல்லை, எடைச் சீட்டும் ஒழுங்காக அச்சாகிறது. நாங்கள் மெனக்கெட்டுக் கொடுத்த பூட்டு மட்டும் இல்லை.

காரணம் பழைய ஆர்பாத்துக்கும் புதிய ரன்பாத்துக்கும் உள்ள வித்தியாசம். பழையது லைப்ரரியின் லைப்ரரி வரை செல்லுபடியாகும். ரன்பாத் அதை வைத்திருக்கும் கோப்பு நேரடியாகக் கேட்பவற்றுக்கு மட்டும். டெபியனின் லிங்கர் இரண்டாவதைத்தான் எழுதியிருந்தது. பழைய முறைக்கே திரும்ப லிங்கரில் ஒரு தேர்வு உண்டு. நான் அதைத் தொடவில்லை, தராசு லைப்ரரிக்கும் தனியாக ஒரு ரன்பாத் கொடுத்தேன். அது வெறும் $ஒரிஜின்தான், இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருப்பதால்.

கூடவே செய்த இன்னொன்றை முதல் நாளே செய்திருக்க வேண்டும். எங்கள் எஸ்கியூலைட்டின் எஸ்ஓநேமையே, அதாவது லோடர் அதை அடையாளம் காணும் பெயரையே மாற்றி, முன்னால் எடைமேடை என்று சேர்த்தேன். ஒரு நிரலுக்குள் ஒரே எஸ்ஓநேமில் இரண்டு லைப்ரரி கேட்கப்பட்டால், முதலில் ஏறியதையே லோடர் இரண்டாவது ஆளுக்கும் கொடுத்துவிடும். பெயர் வேறானால் அந்தக் குழப்பம் இல்லை. வழி தவறினாலும் சத்தமில்லாமல் சிஸ்டத்தினுடையதை எடுக்காது, கிடைக்கவில்லை என்று அங்கேயே நின்றுவிடும். எனக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான்.

ஃபோல்டர் விஷயத்தில் எங்கள் சீனியர் அண்ணனோடு ஒரு நாள் விவாதம். அவர் /ஆப்ட் என்றார். "வெளியிலேர்ந்து வர்ற சாஃப்ட்வேருக்குன்னே விட்ட இடம்பா அது, அங்க போனா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க." டார் கோப்புக்கு அது சரி. டெபியனில் நிறுவும் டெப் தொகுப்புக்கு டெபியன் கொள்கையின் 10.2ஆம் பகுதி தெளிவாகவே சொல்கிறது: மற்ற நிரல்கள் லிங்க் செய்வதற்கு அல்லாத எஸ்ஓ கோப்புகள் /யூஎஸ்ஆர்/லிப்-இன் துணை ஃபோல்டரில் இருக்கட்டும். 2015இல் வந்த ஃபைல்சிஸ்டம் தரநிலை 3.0வும் ஒரு நிரல் அங்கே தனக்கென ஒரு துணை ஃபோல்டர் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த ஃபோல்டருக்குத் தொகுப்பின் பெயரையே வைத்தால் தொகுப்புகளைச் சோதிக்கும் லிண்டியனும் ரன்பாத்தைப் பார்த்து முகம் சுளிக்காது. 32 பிட், 64 பிட் இரண்டையும் ஒரே கணினியில் நிறுவ வேண்டியவர்கள் நடுவில் எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ என்பது போன்ற ஃபோல்டரையும் சேர்க்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தேவை இல்லை. லிப்எக்ஸெக் வேறு நிரல்கள் கூப்பிடும் நிரல்களுக்கான இடம், லைப்ரரிக்கு அங்கே வேலை இல்லை.

கடைசியில் டெப் தொகுப்பில் ரன்பாத் முழு முகவரி: /யூஎஸ்ஆர்/லிப்/எடைமேடை. செட்கேப் கொடுத்த நிரலில் $ஒரிஜினை லோடர் அவ்வளவாக நம்பாது. அது நம்பும் சிஸ்டம் ஃபோல்டருக்குள் போய் முடிந்தால்தான் ஏற்கும். எங்கே நிறுவப்போகிறோம் என்று நமக்கே தெரியும்போது அந்த வம்பு எதற்கு? டார் கோப்புக்கு மட்டும் $ஒரிஜின், அதில் செட்கேப் இல்லை, போர்ட் 8080. எல்டிகான்ஃபிக்கை எங்கேயும் கூப்பிடுவதில்லை.

புதிய தொகுப்பை அனுப்பிய அன்று மாலை அண்ணன் கேட்டார், "பழசை கையால போட்டோமே, அதை யாருப்பா எடுப்பா?" டெப் தொகுப்புக்குத் தான் வைக்காத கோப்பைத் தெரியாது. போன் செய்த வாடிக்கையாளருக்கு முன்பே இன்னும் இரண்டு இடங்களில் அதே கோப்பை அதே /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-இல் போட்டிருந்தேன். அங்கே பைத்தான் யாரும் ஓட்டவில்லை போல, போன் வரவில்லை. மறுநாள் நானே போன் செய்து அழிக்கச் சொன்னேன்.