நிலம் ஒன்று, குத்தகை நாலு

மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் ஒரு சின்ன குத்தகைக் கம்பெனியில் கோப்பு, கணக்கு, செய்த வேலைக்குப் பணம் கேட்கும் கிளேய்ம் எல்லாம் பார்ப்பது என் வேலை. அரசாங்க அலுவலக வளாகம், குடியிருப்பு, விளையாட்டுத் திடல் இங்கெல்லாம் புல் வெட்டிச் சுத்தம் செய்யும் வேலைகளை எடுத்துச் செய்கிறோம். பல வருடமாக இதிலேயே இருப்பதால் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றுகிறது. ஒரே துண்டு நிலத்தைக் காகிதத்தில் நாலாகப் பிரித்து நாலு பேரிடம் கொடுக்கிறார்கள். செய்த வேலையில் பாதி அந்தப் பிரிவினையில்தான் வீணாகப் போகிறது.

புல் ஒருவருக்கு, லோங்காங் என்கிற சாக்கடைக் கால்வாய் இன்னொருவருக்கு, மரம் வேறொருவருக்கு, குப்பை லோரி வேறு யாருக்கோ. ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனி அதிகாரி, தனி கோப்பு.

பினாங்கில் எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு இந்தத் தொழிலில் இன்னும் இடம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007ஆம் ஆண்டு திடக்கழிவு, பொதுத் துப்புரவுச் சட்டம் 2011 செப்டம்பரில் அமலுக்கு வந்தபோது கோலாலம்பூர், ஜொகூர், கெடா போன்ற இடங்களில் துப்புரவு வேலை அரசாங்கம் நீண்ட கால உரிமை கொடுத்த பெரிய நிறுவனங்களிடம் போனது. பினாங்கு அதில் சேரவில்லை. இங்கே ஊராட்சி மன்றங்கள் சொந்த ஆட்களையும் குத்தகைக்காரர்களையும் வைத்தே சமாளிக்கின்றன. மற்ற அரசாங்க அலுவலகங்கள் தங்கள் வளாக வேலைக்கு விலை கேட்டுக் கொட்டேஷன் கூப்பிடுகின்றன. நிதி அமைச்சில் பதிவு இருக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், இடத்தைப் போய்ப் பார்த்ததற்குக் கையெழுத்து இருக்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் விலைதான் பேசும்.

அந்த விலை எதற்கு என்று பார்த்தால், மாதத்துக்கு இத்தனை சுற்று என்று இருக்கும். எங்கள் ஒப்பந்தத்தில் மாதம் இரண்டு சுற்று. ஜனவரி, பிப்ரவரியில் இங்கே மழை குறைவு, புல் காய்ந்து கிடக்கும், இருந்தாலும் இரண்டு சுற்று ஓட்டித்தான் ஆகவேண்டும், வெட்ட ஒன்றும் இல்லாமல் மெஷின் மண்ணைக் கீறித் தூசியைக் கிளப்பும். செப்டம்பர் தொடங்கி நவம்பர் வரை மழை கொட்டும். பத்து நாளில் புல் கணுக்காலுக்கு மேல் வந்துவிடும். அப்போதும் இரண்டே சுற்றுதான். திடலுக்கு வருகிறவர்கள் எங்களைத் திட்டுவார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான். காய்ந்த மாதத்துச் சுற்றை மழை மாதத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று எழுதிக் கேட்டேன். கிளேய்ம் மாதக் கணக்கு, மாற்ற முடியாது என்று பதில் வந்தது.

மரங்களின் கதை இதைவிட வருத்தம். ஒரு திடலின் ஓரத்தில் தெக்கோமா கன்றுகள் நட்டிருந்தார்கள், நட்டவர் வேறு குத்தகைக்காரர். எங்கள் ஆட்கள் புல் வெட்டுவது தோளில் மாட்டும் மெஷினால், நுனியில் தங்சி என்கிற நைலான் நரம்பு சுழலும். கன்றின் அடியில் ஒட்டி வளர்ந்த புல்லை வெட்டப் போனால் தங்சி பட்டையைத் தொடாமல் இருக்காது. இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்குவது அந்தப் பட்டையின் உட்புறம் வழியாகத்தான், சுற்றி வளையமாக உரிந்துவிட்டால் வேர் பட்டினி கிடக்கும். மேலே இலை கொஞ்ச நாள் பச்சையாகவே நிற்கும் என்பதால் யாருக்கும் உடனே தெரியாது.

ஆட்களை மேய்க்கும் எங்கள் மண்டோர் அண்ணன் பக்கத்துக் கலிடோனியா தோட்டத்தில் வளர்ந்தவர். அவர் ஒரு கன்றின் அடியில் குந்தி, விரலால் பட்டையைத் தடவிக் காட்டினார். தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் பழைய வெட்டு, அதன்மேல் புது வெட்டு. “இது எழுந்திரிக்காதும்மா, வேற கன்னையாவது காப்பாத்துவோம்” என்றார். அன்றிலிருந்து அவர் ஆட்களோடு சேர்ந்து ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் ஒரு முழ அகலத்துக்குச் சங்குலால், அதாவது மண்வெட்டியால், புல்லைச் செதுக்கி எடுத்துவிட்டு, வெட்டிக் காய்ந்த புல்லையே தண்டில் ஒட்டாமல் பரப்பி வைக்கிறார். மெஷின் பக்கத்தில் போக வேண்டிய அவசியமே இல்லை. இதற்கு ஒப்பந்தத்தில் காசு கிடையாது. வந்து பார்த்த அதிகாரி, “மரம் உங்க ஸ்கோப் இல்லையே, ஏன் நேரத்தை வீணாக்குறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெட்டிய புல் எங்கே போகிறது என்பது அடுத்தது. அள்ளி மூட்டை கட்டினால் ஏற்றிப்போக லோரி செலவு. அதனால் பல இடங்களில் புளோவர் போட்டு ஊதுவார்கள், ஊதினால் கடைசியில் லோங்காங்கில்தான் விழும். ஒரு நல்ல மழை வந்தால் அது மிதந்து போய் சல்லடையில் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் தேங்கும். கொசுவால் வரும் டிங்கிக் காய்ச்சலுக்குப் பயந்துதான் ஊர் முழுக்கப் புகையடிக்கிறோம். கொசு உற்பத்திக்கு இடம் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு அபராதம் போட 1975ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அதே பக்கத்தில் அரசாங்கத் திடல் லோங்காங் புல்லால் அடைந்து கிடக்கும். கிளேய்முக்கு வேலைக்கு முன், வேலையின்போது, வேலைக்குப் பின் என்று இடத்துக்கு மூன்று படம் வைக்க வேண்டும். அந்தப் படங்களை எடுப்பவள் நான்தான். புல் தெரிந்தால் போதும் என்றுதான் கேட்கிறார்கள், அதனால் நான் இப்போது லோங்காங்கும் ஃபிரேமில் வருகிற மாதிரி நின்று எடுக்கிறேன்.

சம்பளத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. குறைந்தபட்ச சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளி ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700. கட்டாயம் கூட்ட வேண்டியதுதான், இந்த வெயிலில் மெஷின் தூக்குகிற ஆளுக்கு 1,700 அதிகமே இல்லை. ஆனால் பழைய சம்பளத்தை வைத்து விலை போட்ட ஒப்பந்தம் நடுவில் மாறாது. ஓர் ஆளுக்கு 200 கூடினால் இபிஎஃப் சேமநிதிக்கு முதலாளி கட்டும் 13 விழுக்காட்டோடு 226 ஆகிறது, ஆறு பேருக்கு மாதம் 1,356 வெள்ளி, சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதி அதற்கு மேல். குறைந்த விலை போட்டு எடுத்தவர் அதை எங்கிருந்து எடுப்பார்? ஓர் ஆளைக் குறைப்பார். குறைகிற ஆள் பெரும்பாலும் புல் அள்ளுகிற அக்காவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அள்ளியதும் அள்ளாததும் கிளேய்ம் படத்தில் தெரியாது. அப்புறம் அதுவும் லோங்காங்கில் போய் முடியும்.

இப்போது அடுத்த கொட்டேஷனுக்கு இடம் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். நான் மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு போனேன். வருடத்துக்கு 24 சுற்று என்று வைத்து மழையைப் பார்த்துப் பிரித்துக்கொள்ள அனுமதியுங்கள், கன்றைச் சுற்றிக் கையால் செதுக்குவதையும் வெட்டிய புல்லை அள்ளுவதையும் விலைப்பட்டியலில் தனி வரியாகப் போடுங்கள், சம்பளச் சட்டம் மாறினால் விலையைத் திருத்த ஒரு வழி வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். வாங்கிப் படித்த அதிகாரி, “விலை கூடுமே” என்றார். கூடும். ஒரு திடலுக்கு எவ்வளவு கூடும் என்ற கணக்கையும் இணைத்தே கொடுத்தேன். லோங்காங் வார வருடத்துக்கு எத்தனை முறை தனியாக ஆள் கூப்பிடுகிறார்கள், செத்த கன்றுக்குப் பதில் எத்தனை வாங்குகிறார்கள் என்ற கணக்கு அவர்கள் கோப்பில்தான் இருக்கிறது. அதையும் எடுத்து வையுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு விலையைப் பேசுவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.