இணையதளத்துக்கும் ஒரு பதிவறை

பல்கலைக்கழக இணையதளத்தைப் புதுப்பிக்கப் போகிறோம் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, முகப்பில் யார் யார் படம் வரும் என்பதுதான். அடுத்த கேள்வி, எங்கள் துறைக்கு முகப்பில் இடம் உண்டா என்பது. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினி மையத்தில் இருந்துகொண்டு இந்த வேலையை முன்னின்று நடத்தியபோது, இந்த இரண்டுக்கும் பதில் சொல்வதிலேயே கூட்டங்கள் பல கழிந்தன. வண்ணம், படம், எழுத்தின் அளவு எல்லாம் எப்படியோ முடிவாகிவிடுகின்றன. முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போவது வேறொன்று: தளத்தில் ஏறிய தாளை இறக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பதை சர்வர் பதிவேடு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும். தேர்வு முடிவு, தேர்வுக் கால அட்டவணை, மறுமதிப்பீட்டு விண்ணப்பம், பட்டச் சான்றிதழுக்கான கட்டணம், தொலைநிலைக் கல்விக்குப் பணம் கட்டக் கடைசி நாள். கூகுளில் தேடி நேராக அந்தப் பக்கத்தில் வந்து இறங்குகிறார்கள், அதுவும் கைபேசியில். நாங்கள் மாய்ந்து மாய்ந்து விவாதித்த முகப்பை அவர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இதைக் குழுவில் சொன்னபோது மூத்த பேராசிரியர் ஒருவர், "அப்படியென்றால் தேர்வுத் துறைக்கு ஒரு தளம் போட்டுவிடுங்கள், பல்கலைக்கழகத்துக்கு வேறு ஒன்று போட்டுக்கொள்ளலாம்" என்றார். குத்தலாகச் சொன்னதுதான், ஆனால் அதில் நல்ல யோசனை இருந்தது. முடிவு வெளியாகும் நாளில் மொத்தத் தளமும் படுத்துவிடும். சேர்க்கை விவரம் தேடுகிறவருக்கும் தொலைபேசி எண் தேடுகிறவருக்கும் அன்று ஒன்றுமே கிடைக்காது. தேர்வு முடிவுகளைத் தனி சர்வருக்கு மாற்றினோம். பேராசிரியருக்கு அதில் மகிழ்ச்சியா என்று கேட்டுக்கொள்ளவில்லை.

தளத்தை வடிவமைக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க விட்ட ஒப்பந்தப்புள்ளியைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது, அதன்படி நடந்தது. ஆனால் நிறுவனம் தந்த ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் எங்கோ, 'தேவையான உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகம் வழங்கும்' என்று ஒரு வரி இருந்தது. இப்படிப்பட்ட பணிகள் பாதியில் நிற்பது அந்த ஒரு வரியில்தான். வடிவமைப்பு சொன்ன தேதிக்கு வந்துவிடும். அதில் போட வேண்டியது வராது.

இருப்பதையெல்லாம் கணக்கெடுத்தோம். பக்கத்தின் முகவரி, எந்தப் பிரிவுக்கு உரியது, கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்று எக்செல் தாளில் கட்டம் கட்டி, கடைசிக் கட்டத்தில் 'வைப்பதா, எடுப்பதா' என்று கேட்டுப் பிரிவுகளுக்குச் சுற்றுக்கு விட்டோம். மற்ற கட்டங்களையெல்லாம் அக்கறையாகத் திருத்தி அனுப்பினார்கள். கடைசிக் கட்டம் மட்டும் எல்லாப் பிரிவுகளிலிருந்தும் காலியாகவே திரும்பி வந்தது. சோம்பல் என்று சொல்லமாட்டேன், பயம். எடுத்த பிறகு தணிக்கையில் கேட்டால்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாராவது மனுப் போட்டால்? 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், நான்காம் பிரிவில், கேட்காமலேயே வெளியிட வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றை அவ்வப்போது புதுப்பிக்கவும் சொல்கிறது. எங்கள் பிரிவுகளோ அதை, போட்டதை எடுக்கக் கூடாது என்று படித்துக்கொண்டன. எப்போதோ நடந்து முடிந்த கருத்தரங்கின் அழைப்பிதழ் அருகே சிவப்பில் 'நியூ' மின்னிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான்.

முடிச்சை அவிழ்த்தவர் நிர்வாகப் பிரிவின் கண்காணிப்பாளர். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. இணையதளம் பக்கமே வராதவர். எங்கள் எக்செல் தாளை அச்செடுத்து, மேசையில் விரித்துவைத்து, சிவப்பு பென்சிலால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஏதோ குறித்துக்கொண்டே வந்தார். எட்டிப் பார்த்தால் ஓ.மு., மூ.மு., ப.மு. என்று எழுதிக்கொண்டிருந்தார். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. அரசு அலுவலகங்களில் கோப்பை முடிக்கும்போது போடுகிற அதே குறிப்பு.

"தம்பி, கோப்பை முடிக்கும்போதே எத்தனை வருடம் வைத்திருப்பது என்று எழுதித்தானே பதிவறைக்கு அனுப்புகிறோம்? உங்கள் தளத்தில் மட்டும் எல்லாமே நிரந்தரமாக இருக்கிறதே, எந்த விதியில்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு வேலை வேகம் பிடித்தது. கருத்தரங்கு அழைப்பு ஓ.மு.; ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு மூ.மு. என்று பிரிவு எழுத்தர்களே போட்டு அனுப்பத் தொடங்கினார்கள். எடுப்பதா என்று கேட்டபோது மூடியிருந்த வாய், எத்தனை வருடம் என்று கேட்டபோது திறந்துகொண்டது. பொறுப்பு தன் தலையிலிருந்து விதியின் தலைக்கு மாறிவிடுகிறதே! புதிய தளத்தில் எந்த அறிவிப்பை ஏற்றினாலும் முடிவு நாளைக் குறிக்காமல் வெளியிட முடியாதபடி செய்தோம். அந்த நாள் வந்ததும் பக்கம் தானாகவே பழைய ஆவணங்களின் பகுதிக்குப் போய்விடும், அழிந்துவிடாது.

அதே கண்காணிப்பாளர், நாங்கள் குப்பை என்று ஒதுக்கிய ஒரு பகுதிக்கு எதிரே மட்டும் 'நிரந்தரம்' என்று எழுதியிருந்தார்: பழைய பாடத்திட்டங்கள். வெளிநாட்டில் வேலைக்கோ மேல்படிப்புக்கோ விண்ணப்பிக்கிறவர்களிடம், அந்தக் காலத்தில் என்ன படித்தாய் என்று பாடத்திட்டத்தோடு கேட்கிறார்கள். எப்போதோ படித்துவிட்டுப் போனவர் இப்போது அதற்காகப் பிரிவு ஜன்னலில் வந்து நிற்கிறார். துறைத் தலைவர்களுக்கு நடப்புப் பாடத்திட்டம்தான் கண்ணில் படும். ஜன்னலில் நிற்பவர் யார் என்பது கண்காணிப்பாளருக்குத்தான் தெரியும்.

தமிழ்ப் பக்கங்கள் தனிக் கதை. தமிழக அரசு 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. ஆனால் அச்சகத்துக்கு அனுப்பிய கோப்பு எந்த எழுத்துருவில் இருந்ததோ அதையே தளத்திலும் ஒட்டும் வழக்கம் அதன் பிறகும் போகவில்லை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பக்கத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். தேடுபொறிக்கும் அது அப்படித்தான் தெரியும். தமிழில் தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் அகப்படவே அகப்படாது. மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் நடுவில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியையும் அவை தமிழாக்கிவிடும். மாற்றிய ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். தமிழ்த் துறை ஆய்வு மாணவர்கள் அதைச் செய்து தந்தார்கள். போகிற போக்கில் சந்திப்பிழைகளையும் திருத்திக் கொடுத்தார்கள்.

இன்னொரு மாணவர் செய்து தந்ததற்கு ஈடாக எந்த அறிக்கையையும் சொல்ல முடியாது. பார்வையற்றவர், முதுகலை இரண்டாம் ஆண்டு. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் வைத்திருந்தார். பழைய தளத்தில் உதவித்தொகை அறிவிப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னோம். கணினி வாசித்தது: "இணைப்பு, கிளிக் ஹியர். இணைப்பு, கிளிக் ஹியர். இணைப்பு, கிளிக் ஹியர்." அவர் சிரித்தபடி கீழ்நோக்கு விசையை அழுத்திக்கொண்டே போனார். எந்த 'கிளிக் ஹியர்' உதவித்தொகை என்று நாங்கள் சொல்லிக் கொடுத்த பிறகு பிடிஎஃப் திறந்தது, திரைவாசிப்பான் மௌனமாகிவிட்டது. வேர்டில் தட்டி, அச்செடுத்து, கையொப்பம் வாங்கி, ஸ்கேன் செய்து ஏற்றியது. வெறும் படம், வாசிக்க எழுத்தே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும், அரசு இணையதளங்களுக்கென 2009 முதல் இருந்துவரும் வழிகாட்டு நெறிகளையும் கோப்பில் மேற்கோள் காட்டியிருந்தேன், யாரும் அசையவில்லை. அந்த மாணவரை அடுத்த குழுக் கூட்டத்துக்கு அழைத்தபோது பதிவாளர் அங்கேயே வாய்மொழியாக உத்தரவிட்டார்: கையொப்பமிட்ட தாளோடு, தட்டச்சு செய்த மூலக்கோப்பும் வர வேண்டும்.

பக்கங்களின் இணைய முகவரி விஷயத்தில் எங்களை விழித்துக்கொள்ள வைத்தது உள்தர உறுதிப்பாட்டுப் பிரிவு. உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் தரமதிப்பீட்டுக்கு அனுப்பும் அறிக்கையில் ஆதாரமாகக் கொடுப்பவை பெரும்பாலும் தளத்தின் இணைப்புகள்தான். முகவரி மாறினால் அனுப்பிய அறிக்கையே ஓட்டையாகிவிடும். எனவே பழைய முகவரி ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பிவிட பட்டியல் ஒன்று தயாரித்தோம்; பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று உலாவிக்குச் சொல்லும் குறியீட்டு எண்ணை வைத்து இதை 301 பட்டியல் என்பார்கள். அலுப்பூட்டும் வேலை. வெளியே யார் கண்ணுக்கும் தெரியாது, ஒழுங்காகச் செய்திருந்தால்.

பழைய தளத்தை உடனே அணைத்துவிடாமல், திருத்த முடியாதபடி பூட்டி, வேறொரு முகவரியில் வைத்திருந்தோம். அதற்கும் ஒரு கோப்புப் போட்டு ஓ.மு. என்று எழுதச் சொன்னார் கண்காணிப்பாளர். எழுதினோம். ஆண்டு முடிந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். இரண்டு துறைகள் நீட்டிப்புக் கேட்டுக் கடிதம் அனுப்பின. ஒன்று காரணம் சொல்லியிருந்தது, அதற்குக் கொடுத்தோம்.